அமெச்சூர் என்றால் கத்துக்குட்டியா?

போன வாரம் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆல்தியா கிப்சன் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண், அமெரிக்கர். நல்ல கட்டுரைதான், ஆசையாகப் படித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரி: "1958-ல் கத்துக்குட்டி நிலையிலிருந்து தொழில்முறை வீராங்கனையாக உயர்ந்தார்." அதற்கு மேல் படிக்க மனம் ஓடவில்லை.

1958-ல் அவர் யார்? 1956-ல் பிரெஞ்சுப் பட்டம் வென்றவர். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தையும் அமெரிக்கத் தேசியப் பட்டத்தையும் சேர்த்தே வென்றவர். விம்பிள்டன் தட்டை எலிசபெத் ராணி கையால் வாங்கியவர். ஊர் திரும்பியபோது நியூயார்க் வீதியில் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்ட ஊர்வலம் போனவர். உலகப் பெண்கள் டென்னிஸில் முதலிடத்தில் இருந்தவர். அவரைக் கத்துக்குட்டி என்று எழுத யாருக்கும் மனம் வராது. அந்தக் கட்டுரையை எழுதியவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார். மூலத்தில் 'அமெச்சூர்' என்று இருந்திருக்கும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார். விளையாட்டுப் பக்கங்களில் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இந்தத் தடவை சும்மா விட முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'அமாரே' என்றால் நேசித்தல், 'அமாதோர்' என்றால் நேசிப்பவர். அது பிரெஞ்சில் 'அமத்தர்' ஆகி, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நமக்கு அமெச்சூராக வந்தது. ஒன்றைக் காசுக்காக அல்லாமல் பிரியத்துக்காகச் செய்பவர் என்பதுதான் பொருள். அரைகுறை, பக்குவமில்லாதது என்ற இளக்காரப் பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. விளையாட்டு விதிப்புத்தகத்தில் அந்த இளக்காரத்துக்கு இடமே கிடையாது. அங்கே கேள்வி ஒன்றுதான்: ஆடுவதற்குக் காசு வாங்குகிறாயா, இல்லையா?

கத்துக்குட்டி என்பது வேறு சங்கதி. கற்றுக்குட்டியின் பேச்சு வடிவம் அது. இப்போதுதான் கற்கத் தொடங்கியவர், அரைகுறையாகத் தெரிந்தவர் என்று பொருள். நல்ல சொல், உயிருள்ள சொல். உலகக் கோப்பைக்கு முதன்முறையாக வரும் ஒரு கிரிக்கெட் அணியைக் கத்துக்குட்டி அணி என்று எழுதினால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அங்கே பேசப்படுவது திறமை. அமெச்சூர் பேசுவதோ பணம். கத்துக்குட்டிக்கு எதிர்ச்சொல் கைதேர்ந்தவர், அமெச்சூருக்கு எதிர்ச்சொல் தொழில்முறை ஆட்டக்காரர். இரண்டையும் குழப்பினால் அடுத்து வரும் ஒவ்வொரு வரியும் கோணலாகிவிடும்.

எவ்வளவு கோணல் என்று பாருங்கள். 1968 வரை விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரும் போட்டிகளிலும் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். காசு வாங்கியவருக்குக் கதவு அடைப்பு. ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் 1962-ல் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார், அப்போது அவர் அமெச்சூர். அடுத்த ஆண்டு தொழில்முறைக்குப் போனதும் விம்பிள்டன் வாசலை மிதிக்க முடியவில்லை. 1968-ல் கதவு திறந்த பிறகு வந்து, 1969-ல் மறுபடியும் நான்கையும் வென்றார். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். அவரும் அமெச்சூர்தான். அந்த இணைப்பிதழின் தமிழில் லேவரும் கிருஷ்ணனும் கத்துக்குட்டிகள், விம்பிள்டன் என்பது எண்பது வருடத்துக்கு மேல் கத்துக்குட்டிகளுக்காக நடந்த போட்டி. சென்னையில் டென்னிஸ் தெரிந்த எந்தப் பெரியவரிடமாவது போய் இதைச் சொல்லிப்பாருங்கள்.

'உயர்ந்தார்' என்ற வினைச்சொல்லும் தப்பு. கிப்சன் 1958-ல் உயரவில்லை, வெளியே போனார். ஏன் போனார் என்பதுதான் அவர் கதையின் கனமான பகுதி. தென் கரோலினாவில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த ஏழைப் பெண் அவர். ஈட்டன், ஜான்சன் என்ற இரண்டு கறுப்பின மருத்துவர்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்து, பள்ளிக்கு அனுப்பி, ஆட்டமும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு உதவித்தொகையில் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் படித்து 1953-ல் பட்டம் பெற்றார். கல்லூரிக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே, 1950-ல், அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆகிவிட்டார். படிப்பு முடிந்ததும் மிசௌரியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை வேலை. பிறகு அமெரிக்க அரசு அனுப்பிய நல்லெண்ணப் பயணத்தில் ஆசிய நாடுகளுக்கு வந்தார், இந்தியாவிலும் ஆடினார்.

இத்தனைக்கும் நடுவே பட்டங்கள் வந்தன. ஒற்றையரில் ஐந்து, இரட்டையரில் ஐந்து, கலப்பு இரட்டையரில் ஒன்று, ஆக 11 பெரும் பட்டங்கள். ஒன்றுக்கும் பரிசுப்பணம் கிடையாது. கோப்பை உண்டு, வழிச்செலவு உண்டு, வீட்டு வாடகைக்கு வழியில்லை. அமெச்சூர் என்ற சொல்லுக்குள் இருந்தது இந்த வறுமை. 'கத்துக்குட்டி' என்று எழுதும்போது அது அப்படியே மறைந்துபோகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அமெச்சூராக இருப்பது சுகம். கிப்சனுக்கு அது பட்டினி.

தொழில்முறைக்குப் போன பிறகாவது விடிந்ததா? ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய், அவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் கேரல் ஃபேகெரோஸ் என்பவரோடு காட்சி ஆட்டம் ஆடினார். அந்தப் பயணம் முடிந்து கிளீவ்லாந்தில் ஒரு தொழில்முறைப் பட்டத்தை வென்றபோது கையில் கிடைத்த பரிசு 500 டாலர். பெண்களுக்கென்று ஒழுங்கான தொழில்முறைச் சுற்றே அப்போது இல்லை. 1964-ல் பெண்கள் கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்தார், அங்கும் அவர்தான் முதல் கறுப்பினப் பெண். 1968-ல் டென்னிஸ் கதவு எல்லோருக்கும் திறந்தபோது அவருக்கு வயது 40. இதை 'உயர்ந்தார்' என்று ஒரு வார்த்தையில் முடித்தால் என்ன நியாயம்?

சரி, மற்ற தமிழாக்கங்களுக்கு வருவோம். 'பயில்முறை' என்பது கத்துக்குட்டியை விட எவ்வளவோ மேல். நாடக உலகில் அது நிலைத்துவிட்டது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பயில்முறை நாடகக் குழு என்கிறோம். அதில் நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். சம்பளம் வாங்காமல் நடித்தார்கள், தேர்ச்சியில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பழந்தமிழில் பயில்தல் என்றால் நெருங்கிப் பழகுதல். குறுந்தொகையில் 'பயிலியது கெழீஇய நட்பின்' என்று வரும்போது அங்கே பாடம் படிப்பது பற்றிப் பேச்சில்லை. அந்தப் பொருளில் எடுத்தால் பயில்முறை அழகான சொல்தான். ஆனால் இன்றைய வாசகர் காதில் பயில் என்றதும் பயிற்சியும் பயிலகமும்தான் ஒலிக்கின்றன. 'பயில்முறை ஆட்டக்காரர்' என்றால் இன்னும் பயிற்சியில் இருப்பவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். சுற்றி வந்து மறுபடியும் கத்துக்குட்டியிடமே நிற்போம். நாடகத்தோடு அது இருக்கட்டும்.

'தன்னார்வ வீரர்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரத்ததான முகாமில் நிற்பவர் ஞாபகம்தான் வருகிறது. 'பொழுதுபோக்கு ஆட்டக்காரர்' இன்னும் மோசம். கிப்சன் பொழுதுபோக்கவா ஆடினார்?

இது பழங்கதை, இப்போது எங்கே அமெச்சூர் என்று கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸைப் பாருங்கள். டேனியல் காலின்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 2014, 2016 இரண்டு ஆண்டும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். 2014 அமெரிக்க ஓப்பனில் மாணவியாக ஆடி, போட்டி அமைப்பாளர்கள் வரிசையில் இரண்டாம் இடம் தந்திருந்த சிமோனா ஹாலெப்பிடமிருந்து முதல் செட்டைப் பறித்தார். அடுத்த இரண்டு செட்களில் தோற்று, வகுப்புக்குத் திரும்பினார். அன்றைய கல்லூரி விதிப்படி ஆட்டச் செலவுக்கு மேல் பரிசுப்பணத்தைத் தொடக்கூடாது. அவரும் அமெச்சூர். 2016-க்குப் பிறகு தொழில்முறைக்கு வந்து, 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிவரை போனார். ஹாலெப்பிடம் ஒரு செட் எடுத்தவரைக் கத்துக்குட்டி என்று எந்த வாயால் சொல்வது?

இந்த அவசரம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ஒரு போட்டிக்குள் அமைப்பாளர்கள் தரும் வரிசை ஒன்று, வருடம் முழுக்க ஆடிச் சேர்த்த புள்ளிகளால் வரும் வரிசை இன்னொன்று. இரண்டையும் 'தரவரிசை' என்றே எழுதுகிறார்கள், எது எது என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'போட்டித் தரவரிசை', 'உலகத் தரவரிசை' என்று கூடுதலாக ஒரு சொல் போட்டால் தீர்ந்தது. மொழிபெயர்ப்பவர் ஒரு நிமிடம் நின்று, இந்த இடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டாலே போதும். அகராதி அந்தக் கேள்வியைக் கேட்காது.

என் தேர்வு 'தொழில்சாரா ஆட்டக்காரர்'. அரசுசாரா நிறுவனம் என்பது எல்லோருக்கும் பழகிய சொல். அது நல்ல நிறுவனமா மோசமான நிறுவனமா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை, அரசோடு சேர்ந்ததல்ல என்று மட்டும் சொல்கிறது. தொழில்சாராவும் அப்படித்தான். திறமையைத் தொடாது, பிழைப்பை மட்டும் சொல்லும். தொழில்முறைக்குப் பக்கத்தில் வைத்தால் சோடியும் பொருந்துகிறது. இது வேண்டாம் என்றால் அமெச்சூர் என்றே எழுதுங்கள். தமிழ்நாடு அமெச்சூர் கபடிக் கழகம் என்ற பெயரை ஊர்ச் சுவரொட்டியில் பார்க்கும் யாரும், அது கத்துக்குட்டிகளின் கழகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தப்பான தமிழ்ச் சொல்லை விடச் சரியான கடன்சொல் மேல் என்பேன், தனித்தமிழில் எனக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தாலும்.

அந்த இணைப்பிதழ் ஆசிரியருக்கு நான் அனுப்பிய திருத்தம் இது: "இரண்டாம் முறையாக விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்ற கையோடு, 1958-ல் தொழில்சாரா ஆட்டத்தை விட்டுத் தொழில்முறைக்குப் போனார், அதோடு அந்தப் போட்டிகளில் ஆடும் உரிமையை இழந்தார்."