வெயிலுக்கு எம்.எல்.ஏ. என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்கு

கத்திரி வெயில் தொடங்கி இரண்டாவது வாரம். மாலை நாலரை மணிக்கு ஒரு அம்மாவை ஷேர் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். சித்தாள். காலையிலிருந்து மாடிக்குக் கான்கிரீட் போடும் வேலை. நினைவில்லை. தொட்டால் கை சுடுகிறது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. முழங்கை மடிப்பில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. தெர்மாமீட்டரில் பாதரசம் 108 டிகிரி ஃபாரன்ஹீட்டில் போய் நின்றது. அதற்கு மேல் அந்தக் குழாயில் கோடே கிடையாது.

மூன்று மணிக்கு விழுந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் நிழலில் படுக்கவைத்து, வாயில் சோடா ஊற்றி, எழுந்துவிடுவார் என்று பார்த்திருக்கிறார்கள். அன்று இரவே போய்விட்டார். அந்தக் கோடையில் என் டூட்டியில் மட்டும் அது நான்காவது வெயில் சாவு.

காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டேன். கூட வேலை செய்த பெண் பதில் சொன்னார்: “குடிச்சா ஒதுங்க எடம் வேணும்ல டாக்டர்.” கட்டிக்கொண்டிருக்கிற கட்டடத்தில் கழிப்பறை இல்லை. அதனால் அங்கே பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

மேஸ்திரி சொன்னதுதான் இதை எழுத வைத்தது. “வெயில்காலம்னா அப்படித்தான் டாக்டர். இதுக்கு யாரைப் போய்க் கேக்கறது?”

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் ஒருவர் உளறினாலோ விழுந்தாலோ 108-க்குக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. இது காய்ச்சல் அல்ல.

சரி, மேஸ்திரியின் கேள்விக்கு வருகிறேன். யாரைப் போய்க் கேட்பது? படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். வெயில் இயற்கை, அதற்கு எம்.எல்.ஏ. என்ன செய்வார், கவுன்சிலர் என்ன செய்வார் என்று. இதைவிட என்னைக் கோபப்படுத்தும் பேச்சு வேறில்லை. மழையும் இயற்கைதான். ஆனால் வெள்ளம் வந்தால் வாய்க்காலை ஏன் தூர்வாரவில்லை என்று கவுன்சிலரை வழிமறிக்கிறோமே!

2010 மே மாதம் அகமதாபாத்தில் கொடும் வெயில். அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, குடிநீர் மையங்கள். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. அதனால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் தவிர்க்கப்பட்டதாகப் பிறகு வந்த ஆய்வு கணக்கிட்டது. செய்தது ஒரு மாநகராட்சி. கேரளத்தில் கோடைதோறும் வெட்டவெளி வேலைக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தரச் சொல்லித் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நம் ஊரிலேயே 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் அது செத்த பிறகு வருகிற பணம். சாகாமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று நம் பிரதிநிதியைக் கேட்க வேண்டாமா?

இங்கே சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தவுடன் உடல் வெப்பநிலையைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தச் சாவு மாரடைப்பு ஆகிவிடும். குடும்பத்துக்குப் பணமும் போகாது, கணக்கிலும் வராது. கணக்கில் வராத சாவைப் பற்றிச் சட்டமன்றத்தில் யார் கேள்வி எழுப்புவார்?

இன்னொரு பேச்சு, “நாங்க பாக்காத வெயிலா?” இந்த வெயிலை நீங்கள் பார்த்ததில்லை, ஐயா. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலகச் சராசரி வெப்பம் 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போன முதல் ஆண்டு 2024. பகலில் சூடான உடம்பு இரவில் ஆற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே படுப்பவருக்கு இரவிலும் ஆறுவதில்லை. மறுநாள் காலை அதே உடம்போடு வேலைக்குப் போகிறார். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. வயிற்றில் இருப்பதுகூடத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

கோடையில் எல்லாக் கட்சியும் நீர்மோர்ப் பந்தல் திறக்கிறது. திறக்கட்டும், தாகத்துக்கு அது நல்லது. அதோடு நிற்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. அதில் கட்டும் பேருந்து நிழற்குடைக்குத் தகரக் கூரை போடாதீர்கள், உள்ளே உட்கார முடியவில்லை. பள்ளிக் கூரைக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தால் வகுப்பறையில் சில டிகிரி குறையும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று ஆய்வாளரை அனுப்பிப் பாருங்கள். பகல் ஓய்வை அறிவுரையாகச் சொல்லாமல் அரசாணையாகக் கொண்டுவாருங்கள். மேஸ்திரிக்கு அறிவுரை காதில் ஏறாது.

இதெல்லாம் தாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு மட்டும்தான். சூடு ஏறிக்கொண்டே போனால் எந்த ஆஸ்பத்திரி வார்டும் தாங்காது. கரியமில வாயுவை நிகர பூஜ்யமாக்க, அதாவது வெளியேறுகிற அளவும் உறிஞ்சப்படுகிற அளவும் சமமாக்க, 2070 வரை நம் நாடு கெடு வைத்திருக்கிறது. அதுவரை நிலக்கரி எவ்வளவு எரியும், எந்த ஏரி பட்டாவாகும், சாலைக்கு எத்தனை புளியமரம் சாயும் என்பதெல்லாம் கையெழுத்தில் நடப்பவை. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது இதையும் கேளுங்கள். ரோடும் தெருவிளக்கும் கேட்கிற அதே உரிமையோடு கேளுங்கள்.

மே 1 அன்று கிராம சபை கூடும். கத்திரிக்கு மூன்று நாள் முன்பு. உங்கள் ஊரில் பகல் ஓய்வு, குடிநீர், வேலையிடக் கழிப்பறை, ஏரிக்கரை மரங்கள் இவற்றுக்குத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நகலை எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தீர்மான நோட்டில் எழுதியாயிற்றா என்று படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.