எஸ்டிகே பதிப்பை மாற்றும்போது கம்பைலர் சொல்லாத விஷயங்கள்

அமேசான் கிளவுடோடு நம் புரோகிராம் பேச உதவும் கோடு தொகுப்புதான் எஸ்டிகே. அதன் ஜாவா முதல் பதிப்புக்கு ஆதரவு 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாம் பதிப்புக்கு அதே ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதியே முடிந்தது. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "அதான் இன்னும் ஓடுதே" என்கிறார்கள். ஓடும்தான், யாரும் வந்து ஃபியூஸைப் பிடுங்கப் போவதில்லை. ஆனால் நாளைக்கு அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடைத்துத் தர ஆள் கிடையாது.

ஜாவாவில் முதல் பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்புக்கு மாற்றும் வேலையில் பெரும்பகுதி அலுப்பானது, ஆபத்தில்லாதது. பேக்கேஜ் பெயர் மாறும், பில்டர் மெத்தடுகளின் முன்னால் இருந்த 'வித்' உதிரும், அமேசான் சேவையோடு பேசும் கிளையண்டை முதலில் உருவாக்கிவிட்டு அப்புறம் சாவகாசமாக ரீஜனை (எந்த ஊர் டேட்டா சென்டர் என்பதை) செட் செய்கிற பழக்கம் செல்லாது, ஏனென்றால் புதிய பதிப்பில் கிளையண்டை பில்ட் செய்த பிறகு அதில் கைவைக்க முடியாது. இதில் எதை விட்டாலும், கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் கத்தும். கோடைத் தானாகத் திருத்தும் ஓப்பன்ரீரைட்டை வைத்துச் செய்த ஒரு மாற்றுக் கருவியை அமேசானே தருகிறது, கணிசமான சுமை அதில் இறங்கிவிடும். பேக்கேஜ் பெயர்கள் வேறு வேறு என்பதால் இரண்டு பதிப்புகளும் ஒரே புரோகிராமில் சேர்ந்தே இருக்கலாம், ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தொல்லை, கம்பைலர் வாயைத் திறக்காத இடங்களில்தான்.

முதலில் சாவி, அதாவது புரோகிராம் யார் என்று அமேசானிடம் காட்டும் ஐடியும் ரகசியக் குறியும். பச்சைத் தேயிலை கொள்முதல் மையம் ஒன்றில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய உபுண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி பெயர், எடை, கழிவு, நேரம் எல்லாம் ஒரு ஃபைலாக மும்பை ரீஜனில் உள்ள எஸ்3 பக்கெட்டுக்கு (அமேசானின் ஃபைல் சேமிப்பிடம்) போகின்றன. புரோகிராமைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் ஆக்சஸ் கீ ஐடி, சீக்ரெட் கீ என்று இரண்டு சிஸ்டம் ப்ராப்பர்ட்டிகள் (ஜாவாவைத் தொடங்கும்போது தரும் மதிப்புகள்). புதிய பதிப்பில் முதலாவதன் பெயர் அப்படியே இருக்கிறது. இரண்டாவது மட்டும் 'சீக்ரெட் ஆக்சஸ் கீ' ஆகிவிட்டது. என்விரான்மென்ட் வேரியபிளிலும் இதே கதை: ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ என்ற குட்டைப் பெயர்களையும் பழையது ஏற்றுக்கொண்டது, புதியது முழுப் பெயரை மட்டும்தான் பார்க்கும். ஸ்கிரிப்ட் ஜாவா கோடு இல்லையே, அதனால் கம்பைலருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, சாவி கிடைக்காவிட்டால் நின்றுவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் இல்லையென்றால் என்விரான்மென்ட் வேரியபிள், அங்கும் இல்லையென்றால் வெப் ஐடென்டிட்டி டோக்கன், அப்புறம் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கிரெடென்ஷியல்ஸ் ஃபைல் என்று எஸ்டிகே வரிசையாகத் தேடிக்கொண்டே போகும். மெஷினை செட்டப் செய்தவர் டெஸ்ட் அக்கவுண்ட் சாவி ஒன்றை அந்த ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போயிருந்தால், புரோகிராம் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொள்ளும். அந்தச் சாவிக்கும் பக்கெட்டில் எழுத அனுமதி இருந்துவிட்டால் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும், யார் பெயரில் ஓடுகிறது என்பதுதான் மாறியிருக்கும். எங்குமே சாவி கிடைக்காதபோது கடைசியாக அது தேடுவது 169.254.169.254 என்ற முகவரியில், அமேசானின் சர்வருக்குள் ஓடும் புரோகிராமுக்கு மட்டும் பதில் சொல்லும் இடம் அது. எடை மேடையில் இருக்கும் மெஷினுக்கு அங்கே பதில் வராது, எரர் மெசேஜின் வாலிலும் அந்தத் தோல்விதான் நிற்கும். உடனே, "அண்ணா, நெட் போச்சு" என்று போன் வரும். நெட் நன்றாகவே இருக்கும்.

இதற்கு நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: புரோகிராம் தொடங்கியதும் தற்காலிகச் சாவி தரும் அமேசானின் எஸ்டிஎஸ் சேவையில், 'நான் யார்' என்று கேட்கும் கெட் காலர் ஐடென்டிட்டியை ஒருமுறை கூப்பிட்டு, வரும் அக்கவுண்ட் எண்ணையும் பெயரையும் லாகில் எழுதுங்கள். அதற்குத் தனியாக எந்த அனுமதியும் தேவையில்லை. மாற்றுவதற்கு முன்னாலேயே பழைய பதிப்பிலும் இதைச் சேர்த்துவிட்டால் இரண்டு லாகையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கான்ஃபிக் ஃபைலில் ப்ரொஃபைல் (பெயரிட்ட அமைப்புத் தொகுப்பு) வைத்திருப்பவர்கள், டிஃபால்ட் தவிர மற்றவற்றின் தலைப்பில் 'ப்ரொஃபைல்' என்ற சொல் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததைப் புதிய பதிப்பு கண்டுகொள்ளாது. அந்த ப்ரொஃபைல் ஒரு ரோலை (தற்காலிகமாகக் கிடைக்கும் அனுமதிகள்) எடுத்துக்கொள்வதாக இருந்தால் எஸ்டிஎஸ் மாட்யூலையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஓடும்போதுதான் விழும்.

அடுத்தது டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுக் கைவிடுவது என்ற வரம்பு, நம் மலைக்கென்றே எழுதி வைத்ததுபோல. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், டவர் ஜெனரேட்டரில் திக்கித் திணறும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பு எதையும் சொல்லாவிட்டால் கனெக்‌ஷனுக்காக 10 நொடி காத்திருந்தது. புதியதில், நெட்டில் பேசும் வேலையைச் செய்யும் அப்பாச்சி கிளையண்டின் இயல்பு அளவு 2 நொடி. பதிலுக்குக் காத்திருப்பதும் 50-இலிருந்து 30 நொடியாகிவிட்டது. 10-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தெரிவதைவிடப் பெரியது. அந்தப் பழைய உபுண்டு முதல் கனெக்‌ஷன் பாக்கெட் தொலைந்தால் 1, 3, 7-ஆவது நொடிகளில் திரும்ப அனுப்பும். 10 நொடிக்குள் நான்கு வாய்ப்பு, 2 நொடிக்குள் இரண்டுதான். எஸ்டிகே தானாகச் சில முறை மறுபடி முயலும், ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் அதே 2 நொடிதான். டேட்டா சென்டருக்குள் 2 நொடி தாராளம், பந்தலூரில் இல்லை.

எழுதும் இடமும் மாறிவிட்டது. முன்பு கிளையண்ட் கான்ஃபிகரேஷன் என்ற ஒரே பொருளில் எல்லாம் இருந்தன. இப்போது கனெக்‌ஷன், சாக்கெட் டைம்அவுட்களை ஹெச்டிடிபி கிளையண்டின் பில்டரில் தர வேண்டும், மொத்த அழைப்புக்கும் ஒவ்வொரு முயற்சிக்குமான வரம்பை ஓவர்ரைடு கான்ஃபிகரேஷனில் தர வேண்டும். பழைய அளவு போதுமாக இருந்ததென்றால் 10, 50 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

இவ்வளவு தூரம் கைவைக்கும்போது, நிரந்தரச் சாவியை எடை மேடை மெஷினிலிருந்து எடுக்க முடியுமா என்றும் யோசியுங்கள். அமேசானில் யூசர்களையும் அனுமதிகளையும் நிர்வகிப்பது ஐஏஎம். 2022-இல் வந்த ஐஏஎம் ரோல்ஸ் எனிவேர் இதற்காகத்தான்: மெஷினுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டால், அதைக் காட்டித் தற்காலிகச் சாவி வாங்கிக்கொள்ளும். சான்றிதழின் பிரைவேட் கீயைப் பத்திரமாக வைக்க வேண்டிய தலைவலி தீராது, ஆனால் தற்காலிகச் சாவி வேறு யார் கையில் சிக்கினாலும் இயல்பாக ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஒரே ஒரு மெஷின் இருக்கும் சின்ன ஃபேக்டரிக்கு இது அதிகப்படி என்று சிலர் சொல்வார்கள். அங்கே குறைந்தபட்சம் அந்த ஒரு பக்கெட்டில் எழுத மட்டும் அனுமதியுள்ள சாவியாவது இருக்கட்டும்.

பழைய சாவியை உடனே டெலீட் செய்யாதீர்கள். ஒரு யூசருக்கு இரண்டு சாவி வைத்துக்கொள்ளலாம், புதியதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பழையதை இன்ஆக்டிவ் செய்து வையுங்கள். கடைசியாக எப்போது பயன்பட்டது என்று ஐஏஎம் பக்கத்திலேயே தெரியும். ஒரு வாரம் சும்மா கிடந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், தேயிலை வாரியம் மாத விலையை அறிவித்த பிறகு ஓட்டும் செட்டில்மென்ட் புரோகிராம் மாதம் ஒருமுறைதான் அந்தச் சாவியைத் தொடும். விவசாயிகளுக்குப் பணம் போக வேண்டிய நாளில் அது நின்றால், இன்ஆக்டிவ் சாவியை ஒரு கிளிக்கில் உயிர்ப்பிக்கலாம். டெலீட் செய்தது திரும்ப வராது.