பந்தயக் காரின் உடலில் எங்கே துளை போடுவது?

1969 அக்டோபர். ஆஸ்திரியாவில் ஸெல்ட்வெக் நகரை ஒட்டிய பந்தயத் தளத்தில் போர்ஷே 917 காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 12 சிலிண்டர், 4.5 லிட்டர் எஞ்சின். அந்தக் காலத்தின் மிக வேகமான பந்தயக் கார்களில் ஒன்று. ஆனால் வேகம் ஏற ஏறப் பின்பக்கம் நிலைகொள்ளாமல் அலைந்தது. தேர்ந்த ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினார்கள். சஸ்பென்ஷனில்தான் கோளாறு என்று ஒரு தரப்பு நினைத்தது. ஜான் வையரின் பிரிட்டிஷ் அணியைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் காரைச் சுற்றிவந்து பார்த்தார். மூக்கு, முன்கண்ணாடி என்று எங்கும் சின்னஞ்சிறு கொசுக்கள் மோதி ஒட்டியிருந்தன. காற்றைத் திருப்பிக் காரைத் தரையில் அழுத்துவதற்கான தகடான பின்பக்க ஸ்பாய்லரில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

கொசு வந்து படாத இடத்தில் காற்றும் படவில்லை. கூரையைத் தாண்டியதும் காற்று மேலேயே விலகிப் போய்விட்டது. தாழ்ந்து நீண்ட வாலில் இருந்த ஸ்பாய்லர்களுக்கு வேலையே இல்லை. அங்கேயே, தளத்திலேயே, அலுமினியத் தகடுகளை வெட்டி, ரிவெட் அடித்து, டேப் ஒட்டி, உயர்ந்து நிற்கும் குட்டையான ஒரு வாலைக் கட்டினார்கள். இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, கூடியது, நேர்ச்சாலை வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கார் வளைவுகளில் தரையைப் பற்றி நின்றது, சுற்று நேரம் குறைந்தது. அந்தக் குட்டை வால் வடிவம்தான் 917கே. 1970இல் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் அதை ஓட்டி லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேவுக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித் தந்தார்கள். அடுத்த ஆண்டும் குட்டை வால் 917தான் வென்றது.

எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் தகட்டை மாற்றியே இவ்வளவும் நடந்தது. ஸ்போர்ட்ஸ் காரின் உடலை மாற்றியமைக்க நினைக்கும் எவருக்கும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். விங், ஸ்பாய்லர், பானெட்டில் (காரின் முன்மூடியில்) போடும் துளை எல்லாமே பார்வைக்குக் கம்பீரமானவை. ஆனால் அவை வேலை செய்யுமா என்பதை முடிவு செய்வது காரின் மேல் ஒவ்வோர் இடத்திலும் நிலவும் காற்றழுத்தம். காரை நிலைநிறுத்துவதும் எஞ்சினைக் குளிர்விப்பதும் இரண்டு தனிக் கலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் விடை ஒரே அழுத்த வரைபடத்தில் இருக்கிறது.

மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் காரின் மூக்கில் காற்று நேராக மோதி நிற்கும் புள்ளியில் அழுத்தம், சுற்றியுள்ள வளிமண்டலத்தைவிடச் சுமார் 1,850 பாஸ்கல் கூடுதல். ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 190 கிலோ பாரம். 100 கி.மீ. வேகத்தில் இது நான்கில் ஒரு பங்குதான். இந்த விசைகள் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகின்றன. இழுவையைச் சமாளிக்கத் தேவையான திறனோ வேகத்தின் கனத்தில் (மூன்றாம் அடுக்கில்) ஏறுகிறது. நடுத்தர அளவுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 100 கி.மீ. வேகத்தில் காற்றைப் பிளக்கச் சுமார் 11 குதிரைத்திறன் போதும் என்றால், 200இல் 90 வேண்டும். நகரத்துக்குள் ஓட்டும் காரில் பெரிய விங் மாட்டிப் பலன் எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மூக்கில் மோதிய காற்று மேலே ஏறிப் பானெட்டின் முன்விளிம்பில் வளைகிறது. வளையும்போது வேகம் பிடிக்கிறது. வேகம் பிடித்த இடத்தில் அழுத்தம் விழுகிறது. அதனால் பானெட்டின் முன்பகுதியில், விளிம்பைத் தாண்டிய சற்றுத் தூரத்தில், வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம். அங்கே காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே காற்று பின்னால் போய் முன்கண்ணாடியின் சரிவில் முட்டும்போது வேகம் இழக்கிறது. அழுத்தம் மறுபடி ஏறுகிறது. கண்ணாடியின் அடிவாரத்தில் வளிமண்டலத்தைவிட அதிக அழுத்தம். பெரும்பாலான கார்களில் கேபினுக்குள் வெளிக்காற்றை எடுக்கும் திறப்பு வைப்பரின் அடியில் இருப்பது இதனால்தான். ஃபேன் போடாவிட்டாலும் ஓடும் வண்டியில் காற்று தானாக உள்ளே தள்ளப்படும்.

இதை அறிந்துகொண்டு, பலரும் செய்யும் ஒரு வேலையைப் பாருங்கள். பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர்களை வைத்து, கண்ணாடிக்கு முன்னால் ஓர் அங்குலம் தூக்கிவிடுவது. சூடு வெளியேறும் என்பது நம்பிக்கை. வண்டி நிற்கும்போது உண்மையிலேயே வெளியேறும். சூடான காற்று மேலே எழும். ஆனால் வேகமாக ஓடும்போது அதே இடைவெளி வழியாக அதிக அழுத்தக் காற்று எஞ்சின் அறைக்குள் புகும் வாய்ப்பே அதிகம். எஞ்சின் அறையில் அழுத்தம் ஏறினால் ரேடியேட்டர் வழியாக வரும் காற்று குறையும். குளிர்விக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டிவிடும். பந்தயத் தளத்துக்குப் போகும் காரில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1960களில் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் பானெட்டின் பின்விளிம்பில் திறப்பு வைத்தார்கள். ஆனால் அது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டருக்குக் காற்றை உள்ளே எடுக்க வைத்தது. இடம் சரி, நோக்கம் வேறு.

ரேடியேட்டர் வழியாக எவ்வளவு காற்று ஓடும் என்பது அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வாசற்கதவை அகலத் திறந்து கொல்லைக் கதவைச் சாத்திவைத்த வீட்டில் காற்று ஓடாது. பம்பரில் மேலும் மேலும் துளை போடுகிறவர்கள் வாசலையே பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். மூக்கில் ஏற்கெனவே அழுத்தம் தாராளமாக இருக்கிறது. குறை பெரும்பாலும் வெளிவழியில்தான்.

நன்றாக அமைந்த ரேடியேட்டர் பாதையில் நுழைவாய் ரேடியேட்டரின் முகப்பைவிடச் சிறியது. பல நேரம் அதன் பரப்பில் பாதிகூட இருக்காது. உள்ளே போகப்போகப் பாதை விரிகிறது. விரியும் பாதையில் காற்று வேகம் குறைந்து அழுத்தம் பெறுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று மெதுவாகப் போவதுதான் நல்லது. வேகமாகத் தள்ளினால் அழுத்த இழப்பு ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தில் பெருகும். கிடைக்கும் குளிர்ச்சியோ அந்த அளவுக்குப் பெருகாது. ரேடியேட்டரைத் தாண்டியதும் பாதை குறுகிக் காற்று மீண்டும் வேகம் பிடித்து, வெளிக்காற்றோடு ஒரே திசையில் கலக்க வேண்டும். இந்தக் கருத்தை 1935இல் பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் எஃப். டபிள்யூ. மெரெடித் எழுதி விளக்கினார். ரேடியேட்டரில் சூடேறிய காற்று விரிந்து வேகமாகப் பின்னோக்கிப் பாயும்போது, குளிர்விப்பதால் வரும் இழுவையில் ஒரு பகுதியை உந்துவிசையாகத் திரும்பப் பெறலாம் என்றார். பி-51 மஸ்டாங் போர்விமானத்தின் வயிற்றடியில் இருந்த ரேடியேட்டர் பாதை இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். காரின் வேகத்தில் உந்துவிசையைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இழுவையைக் குறைக்கலாம், அதுவே லாபம்.

இந்தப் பாதையின் பக்கங்கள் அடைபட்டிருக்க வேண்டும். ரேடியேட்டரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால், காற்று அடர்ந்த தகடுகளுக்குள் நுழையாமல் அந்த வழியே நழுவிவிடும். அலுமினியத் தகடும் ஃபோம் பட்டையும் வைத்து அந்த இடைவெளிகளை அடைப்பதுதான் முதல் வேலை. செலவு மிகக் குறைவு. காரின் தோற்றமும் மாறாது. ஒருவர் புதிய ரேடியேட்டர் வாங்கப் போகிறார் என்றால், முதலில் இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அடுத்தது வெளிவழி. சாதாரணக் காரில் ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று எஞ்சினில் மோதிக் கலங்கி, கடைசியில் காருக்கு அடியில் போய்ச் சேர்கிறது. அங்கே அழுத்தம் கூடினால் முன்பக்கம் தூக்கும். அதே காற்றைப் பானெட்டின் முன்பகுதியில், அந்தக் குறைந்த அழுத்த இடத்தில், துளை வழியாக மேலே விட்டால் மூன்று நன்மைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரேடியேட்டருக்குப் பின்னால் உறிஞ்சல் கிடைக்கிறது. அடியில் சேரும் காற்று குறைகிறது. முன்பக்கத்தைத் தூக்கும் விசையும் குறைகிறது. 1960களின் ஃபோர்டு ஜி.டி.40 காரின் மூக்கின் மேல் இரண்டு பெரிய திறப்புகள் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை ரேடியேட்டர் காற்று வெளியேறும் வழிகள். பலர் அவற்றைக் காற்று உள்ளே போகும் வழி என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் நாடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ரேடியேட்டர் நீர் 95 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வேறுபாடு 75. வெளிக்காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு 55தான். அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டம், ஆனால் வெளியேறும் வெப்பம் நான்கில் ஒரு பங்குக்குமேல் குறைவு. ஐரோப்பாவில் சோதித்த மாற்றத்தை அப்படியே எடுத்துவந்து சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்தின் சித்திரை வெயிலில் ஓட்டினால் ஊசி சிவப்புக்குப் போவதில் வியப்பில்லை.

முன்பக்கத்தை மட்டும் கவனித்துவிட்டால் புதிய சிக்கல் ஒன்று பிறக்கும். முன்சக்கரங்கள் நன்றாகப் பிடிக்க, பின்சக்கரங்கள் இலேசாகி, வேகமான வளைவில் பின்பக்கம் சுழலப் பார்க்கும். வழுவழுவென்று வளைந்து இறங்கும் பின்பக்கம் உள்ள கார்களுக்கு இது இயல்பான நோய். 1998இல் வந்த ஆடி டி.டி. அப்படிப்பட்ட அழகி. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் விபத்துகள் நேர்ந்த பிறகு, அதன் டிக்கி மூடியில் சிறிய ஸ்பாய்லர் ஒன்றைச் சேர்த்தார்கள். சஸ்பென்ஷனையும் திருத்தி, மின்னணு நிலைப்பாட்டுக் கருவியையும் பொருத்தினார்கள்.

பின்பக்கத்துக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள உறவை அழகாகக் காட்டுவது 1972இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான போர்ஷே 911 காரெரா ஆர்.எஸ். 2.7. இதன் எஞ்சின் பின்னால், காற்றால் குளிரும் வகை. 911இன் கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. காற்று அந்தச் சரிவை ஒட்டியே வேகமாகப் பாய்வதால் பின்பக்கம் மேலே உறிஞ்சப்படுகிறது. எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் சல்லடை இருப்பதும் அதே சரிவில், அதாவது அழுத்தம் குறைந்த இடத்தில். ஒரு விசிறி உள்ளே இழுக்கும் காற்றை, வெளியே ஓடும் காற்று எதிர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. டில்மன் பிராட்பெக் என்ற இளம் பொறியாளரும் அவருடைய சகாக்களும் ஸ்டுட்கார்ட்டின் காற்றுச் சுரங்கத்தில் தகட்டையும் கம்பியையும் வைத்து எஞ்சின் மூடியில் ஒரு நிமிர்ந்த விளிம்பைக் கட்டிக் கட்டிச் சோதித்தார்கள். உருவானது வாத்து வால் ஸ்பாய்லர். விளிம்பில் முட்டிய காற்று அதற்கு முன்னால் வேகம் குறைய, அங்கே அழுத்தம் ஏறியது. சரிவில் இருந்த உறிஞ்சல் தணிந்து பின்பக்கத் தூக்குவிசை குறைந்தது. சல்லடைக்குமேல் அழுத்தம் கூடி எஞ்சினுக்குக் கூடுதல் காற்று கிடைத்தது. உச்ச வேகமும் மணிக்குச் சுமார் 4 கி.மீ. ஏறியது! தகட்டைத் தூக்கி நிறுத்தினால் இழுவை கூடத்தான் வேண்டும் என்று நினைப்போம். இங்கே, சரிவில் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்த உறிஞ்சல் குறைந்ததே ஆதாயமானது. 500 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கியவர்கள் 1,500க்குமேல் செய்து விற்றார்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. 1,200 கிலோ எடையுள்ள கார் 200இலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றலின் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாகிறது. 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். காற்றுக் குழாயைத் தட்டின் முகத்துக்கு நேராக வைப்பது பொதுவான தவறு. உள்ளே காற்று வழிகள் உள்ள தட்டு சுழலும்போது தானே ஒரு விசிறிபோல நடுவிலிருந்து வெளியே காற்றைத் தள்ளுகிறது. ஆகவே நடுவில்தான் காற்றைக் கொடுக்க வேண்டும். சக்கர அறையில் சேரும் அழுத்தத்தை ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் தகட்டின்) மேலுள்ள துளைகள் வழியே விட்டால் முன்பக்கத் தூக்குவிசை இன்னும் குறையும்.

2022இல் வந்த 911 ஜி.டி.3 ஆர்.எஸ். இந்த எல்லாவற்றையும் ஒரே உடலில் சேர்த்தது. முன்பு பிரிந்திருந்த மூன்று ரேடியேட்டர்களுக்குப் பதிலாக நடுவில் ஒரே பெரிய ரேடியேட்டர்; அதற்காக முன் டிக்கியையே விட்டுக்கொடுத்தார்கள். சூடான காற்று பானெட்டின் இரண்டு பெரிய துளைகள் வழியே மேலே வருகிறது. அந்தக் காற்று கூரைமேல் ஓடி, பின்னால் உள்ள எஞ்சினுக்குள்ளேயே போனால் என்ன ஆவது? அதைத் தடுக்கக் கூரையில் சின்னத் துடுப்புகளை வைத்துச் சூடான காற்றைப் பக்கவாட்டில் ஒதுக்குகிறார்கள். நடுவில் குளிர்ந்த காற்று பின்னே போகிறது. 200 கி.மீ. வேகத்தில் இந்தக் கார் 409 கிலோ அளவுக்குத் தரையை நோக்கி அழுத்தப்படுகிறது. 285இல் 860 கிலோ.

சொந்தக் காரில் மாற்றம் செய்கிறவர்களுக்குக் காற்றுச் சுரங்கம் கிடைக்காது. அதற்காக ஊகித்து வெட்ட வேண்டியதில்லை. கையளவு நீளமுள்ள கம்பளி நூல்களைப் பானெட்டிலும் பின்மூடியிலும் வரிசையாக டேப்பால் ஒட்டி, மூடிய தளத்தில் ஓட்டி, பக்கத்தில் வரும் வண்டியிலிருந்து படம் பிடியுங்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்துச் சுழன்றால் விலகிவிட்டது. நூல் அழுத்தத்தைச் சொல்லாது. அதற்கு வேறு ஏற்பாடு: ஒரு மெல்லிய குழாயின் வாயைப் பானெட்டின் மேற்பரப்பில், இன்னொன்றை எஞ்சின் அறையில் ஒட்டி, இரண்டையும் கேபினுக்குள் நீர் ஊற்றிய யு வடிவக் குழாயில் இணையுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மூக்கின் முழு அழுத்தமே 47 மி.மீ. நீர்மட்டம்தான், ஆகவே சில மி.மீ. வேறுபாடும் கணக்கில் வரும். நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் அலையும். பானெட்டின் மேல் அழுத்தம் எஞ்சின் அறையைவிடக் குறைவாகக் காட்டும் இடத்தில் துளை போட்டால் காற்று வெளியே வரும். அதிகமாகக் காட்டினால் குழாயைச் சில அங்குலம் முன்னோக்கி நகர்த்தி ஒட்டி மறுபடி அளக்க வேண்டும்.