டிராகுலா சொல்லாத சொல்

2012இல் வெளிவந்த 'ஹோட்டல் டிரான்சில்வேனியா' அனிமேஷன் படத்தில் ஒரு நகைச்சுவை திரும்பத் திரும்ப வருகிறது. அரக்கர்களுக்காக விடுதி நடத்தும் டிராகுலாவை யார் நடித்துக் காட்டினாலும் 'ப்ளா, ப்ளா, ப்ளா' என்கிறார்கள். தான் அப்படிச் சொல்வதே இல்லை என்று அவர் கொதிக்கிறார். சற்று நேரத்தில் இன்னொருவர் அதையே சொல்கிறார், மறுபடியும் கொதிப்பு. பெரியவர்களிலேயே பலருக்கு இது பிடிபடுவதில்லை. அந்த 'ப்ளா' எங்கிருந்து வந்தது?

டிராகுலா சொல்வது உண்மை. நகைச்சுவையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் அவர் அப்படிப் பேசுவதில்லை. இன்று நம் மனத்தில் பதிந்திருக்கும் டிராகுலாவுக்கு உருவமும் குரலும் தந்தவர் ஹங்கேரிய நடிகர் பெலா லுகோசி. 1931இல் வந்த படத்தில் அவரும் அதைச் சொல்லவில்லை. தாய்மொழியின் சாயலோடு, சொற்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், அவ்வளவுதான். அந்தப் படத்தில் அவருக்குக் கோரைப்பற்களைக்கூடக் காட்டவில்லை!

பிறகு வந்தவர்கள் அந்தப் பேச்சை நடித்துக் காட்டியபோது, அதன் விசித்திரமான பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினார்கள். நகல் செய்பவர் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அதற்கு வலுவான காரணமும் உண்டு. 1987இல் கில்லியன் ரோட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் தெரிந்த முகங்களைக் கோட்டோவியங்களாக வரைந்து காட்டினார்கள். அளவு பிசகாமல் வரைந்த படத்தைவிட, தனித்தன்மைகளை மிகைப்படுத்திய கேலிச்சித்திரத்தையே பார்த்தவர்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அம்சங்களையே மூளை முதலில் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மிகையான நகல், அசலைவிட அசலாகத் தோன்றுகிறது.

நினைவும் இதற்குத் துணைபோகிறது. கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொன்னால், பட்டியலில் இல்லாத 'தூக்கம்' என்ற சொல்லையும் பலர் எழுதிவிடுகிறார்கள். ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மாட்டும் 1995இல் வெளியிட்ட ஆய்வின் முதல் சோதனையில், இப்படி இல்லாத சொல் நினைவுக்கு வந்தது ஏறத்தாழ 40 சதவீதம். பொருந்தக்கூடிய ஒன்றை நினைவு தானாகவே இட்டு நிரப்புகிறது. போதாக்குறைக்கு, ஒரு செய்தி நினைவில் தங்கும் அளவுக்கு, அதை எங்கே கேட்டோம் என்பது தங்குவதில்லை. நகலில் கேட்ட 'ப்ளா', நாளடைவில் டிராகுலாவின் கணக்கில் ஏறிவிடுகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" என்று சொன்னதாக உலகமே நம்புவதும் இப்படித்தான். கோனன் டாயில் எழுதிய எந்தக் கதையிலும் அந்த வாக்கியம் அப்படியே இல்லை.

பாவம், டிராகுலாவால் இதிலிருந்து தப்ப முடியாது. மறுக்க வேண்டுமென்றால் அந்தச் சொல்லை அவரே உச்சரித்தாக வேண்டும். நான் மிகவும் ரசிப்பது இந்தப் பொறியைத்தான்: மறுக்கும் கணத்திலேயே குற்றச்சாட்டு உண்மையாகிவிடுகிறது.

லுகோசியைக் கேள்விப்பட்டே இராத குழந்தைகள் ஏன் சிரிக்கிறார்கள்? சிரிப்பு எப்போது வருகிறது என்பதற்கு பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்த விளக்கம் இங்கே கைகொடுக்கிறது. ஒரு வரம்பு மீறப்பட வேண்டும். ஆனால் அதனால் தீங்கில்லை என்றும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றும்போது சிரிப்பு வருகிறது. எல்லோரும் அஞ்ச வேண்டிய பிரபுவை முகத்துக்கு நேரே கேலி செய்வது பெரிய வரம்பு மீறல். அவரோ சிடுசிடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டாம் முறைக்குப் பிறகு என்ன வரப்போகிறது என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் வரும் என்பது மட்டும் தெரியாது. அந்தக் காத்திருப்பு நீடிக்கும்வரை நகைச்சுவையும் சலிப்பதில்லை.