சீலா மீனின் மூன்று வீடுகள்

கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டில் சீலா வாங்கப் போனால், அதன் வாயை ஒரு தடவை திறந்து பாருங்கள். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டிருக்கும். ஓரத்தில் சின்னப் பற்கள் நெருக்கமாக ஒரு வரிசை. அதற்கு உள்ளே தட்டையான, கூரான பெரிய பற்கள். அது எப்படி வேட்டையாடும் என்பதை இந்த வாயே பாதி சொல்லிவிடும்.

சீலா நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. குளத்தில் கொக்கு நிற்கிற மாதிரி, பவளப்பாறை ஓரமாக அசையாமல் நிற்கும். உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை அதை மூழ்கவும் விடாது, மேலே கிளம்பவும் விடாது. வெள்ளிப் பக்கங்கள் சுற்றியுள்ள வெளிச்சத்தையே திருப்பிக் காட்டுவதால், எதிரே வரும் மீன் அதைச் சட்டென்று கவனிக்காது. இரை கிட்டே வந்ததும் வாலை ஓங்கி ஒரு உதறு, ஒரே பாய்ச்சல். விழுங்க முடியாத இரையை இரண்டாக வெட்டிவிட்டு, திரும்பி வந்து துண்டுகளைத் தின்னும். இத்தனைக்கும் அதன் கடி ஒன்றும் பலமானதில்லை! உடல் அளவோடு பார்த்தால் தாடையின் அழுத்தம் குறைவுதான். வெட்டுவது பல்லின் கூர்மையும் பாய்ந்து வந்த வேகமும்.

பெரிய இனத்துச் சீலா ஐந்தடிக்கு மேலும் வளரும். வளர்ந்த பிறகு பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். சின்ன இனங்கள் கூட்டமாகப் போகும். அதனால் மார்க்கெட்டுக்கு முழங்கை நீளத்தில் வருவதெல்லாம் குட்டி என்று நினைக்க வேண்டாம். வளர்ந்தாலே அவ்வளவுதான் என்கிற இனங்களும் உண்டு.

சரி, குட்டிகள் எங்கே இருக்கும்? முட்டை திறந்த கடலில் மிதக்கும். அதிலிருந்து வந்த குஞ்சுகள் கரையோரக் கடற்புல்லிலும் அலையாத்தி மர வேர்களுக்கு இடையிலும் ஒளிந்து வளரும். உடம்பு நீண்ட அப்புறம்தான் பாறைப் பக்கம் போகும்.

1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், சுமார் 560 சதுர கிலோமீட்டர். பவளப்பாறை, கடற்புல், அலையாத்தி எல்லாம் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் அந்த 21-ல் இரண்டு தீவுகள் கடலுக்குள் போயே போய்விட்டன. அதனால் பாறையைக் காப்பாற்றுவது பற்றி நிறையப் பேசுகிறோம். கடற்புல்லைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும். கடலடியை உரசி இழுக்கும் இழுவை மடி வலை அதை அரித்துக்கொண்டு போனால் குட்டிகளுக்கு ஒளிய இடமிருக்காது. சில வருடம் கழித்து, பவளம் நன்றாக இருக்கும் பாறையிலும் சீலா குறைந்துபோகும்.