கீரைப் பாத்தியில் எடுத்த களைக்கும் கணக்கு உண்டு: கென்யாவின் மணவாழ்வுச் சொத்துச் சட்டம்

மேற்குக் கென்யாவில் வீட்டைச் சுற்றிப் பயிராகும் நாட்டுக் கீரைகள் பெரும்பாலும் பெண்கள் பொறுப்பு. அங்கே மனாகு என்பது நம் மணத்தக்காளிக்குப் பங்காளி. தெரெரே, தண்டுக்கீரை இனம். குந்தே, தட்டைப்பயற்றின் இளம் இலை. சாகா வேறொன்றுமில்லை, நம்மூரில் வேலியோரம் தானாக முளைக்கிற நல்வேளைதான்! விதை எடுத்து வைப்பது, எரு போடுவது, கட்டுக் கட்டிச் சந்தைக்குச் சுமப்பது எல்லாம் மனைவி. நிலப் பத்திரத்தில் மட்டும் பெரும்பாலும் கணவர் பெயர்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் 2013-ஆம் ஆண்டின் மணவாழ்வுச் சொத்துச் சட்டம் உதவும். விவாகரத்தானால் அவரவர் பங்களிப்பைப் பார்த்துத்தான் சொத்தைப் பிரிப்பார்கள்; அந்தப் பங்களிப்பு என்றால் பணம் மட்டுமல்ல என்கிறது இந்தச் சட்டம். வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, துணையாக இருப்பது, குடும்பத் தொழிலையோ சொத்தையோ கவனிப்பது என்று அடுக்கி, கடைசியில் 'பண்ணை வேலை' என்றே எழுதியிருக்கிறது. மண காலத்தில் வாங்கிய நிலம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், மற்றவருக்காகவும் சேர்த்தே வைத்திருப்பதாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சரி, பாதி கிடைத்துவிடுமா? கிடைக்காது. மண வாழ்வில் இருவருக்கும் சம உரிமை என்று 2010 அரசியலமைப்பு சொன்னாலும், பாதிக்குப் பாதி தானாக வராது, அவரவர் பங்களிப்பைக் காட்ட வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீரைக் கட்டுக்கு யார் ரசீது தருகிறார்கள்? எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையின் குறுஞ்செய்திகள், மகளிர் குழுவின் கணக்கு நோட்டு, பக்கத்து வயல்காரரின் சாட்சி என்று கிடைப்பதைச் சேர்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வழக்காற்று முறைப்படி பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பூர்வீக நிலம் மணவாழ்வுச் சொத்தில் சேராது. சிறு விவசாயக் குடும்பங்களில் மாமனார் காலத்து நிலம்தானே அதிகம்! ஆனால் கணவர் தனியாக வாங்கி, மணவாழ்வுச் சொத்தில் சேராமல் போன நிலத்தை மனைவி மேம்படுத்தியிருந்தால், அந்த உழைப்பின் அளவுக்கு அவருக்கு உரிமை உண்டு.

ஒருதார மணத்தில் இருவரும் சம்மதிக்காமல் மணவாழ்வுச் சொத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, அடமானம் வைக்கவோ முடியாது. பலதார மணத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது; எந்த மனைவி வருவதற்கு முன் வாங்கிய சொத்து என்பது அதில் முக்கியம்.

அப்புறம், பங்கைப் பிரித்துக் கையில் வாங்க விவாகரத்து வரை போக வேண்டும். ஆனால் இந்தச் சொத்தில் எனக்கும் உரிமை உண்டு என்று அறிவிக்கும்படி, சேர்ந்து வாழும்போதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.