போன் அலறியபோது மணி இரவு 8.11

2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் பேய்மழை. வானிலை நிறுவனம் காலை ஏழரை மணி வாக்கிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. போயோ என்ற காட்டாற்றில் இருந்த அளவுக்கருவி மாலை 6.55-க்கு வினாடிக்கு 2,000 கனமீட்டருக்கு மேல் காட்டியது, அப்புறம் கருவியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அரசின் எச்சரிக்கைச் செய்தி வந்து மக்களின் போன்கள் அலறியதோ இரவு 8.11-க்கு. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. 220 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தாமதத்துக்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. அந்த அலறலுக்குப் பின்னால் இருப்பது செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப்போகும், பத்து லட்சம் பேருக்குப் பத்து லட்சம் தடவை அனுப்ப வேண்டும், எல்லாரும் பதறிப்போய் போன் போடும் நேரத்தில் அது வரிசையில் சிக்கிக்கொள்ளும். செல் பிராட்காஸ்டில் டவர், திருவிழா ஒலிபெருக்கி மாதிரி, எல்லாருக்கும் பொதுவாக ஒரே செய்தியைச் சொல்கிறது, எல்லைக்குள் இருக்கும் போன்கள் கேட்டுக்கொள்கின்றன. எண் தேவையில்லை, அதனால் வெளிநாட்டு சிம் வைத்திருப்பவருக்கும் வரும். தனி வழி என்பதால் நெரிசல் பாதிக்காது. டவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதால் தாமதமாக உள்ளே வருபவருக்கும் கிடைக்கும். செய்தி ஏற்கெனவே வந்துசேர்ந்த போன், அதன் வரிசை எண்ணைப் பார்த்து மறுபடி வருவதைத் தள்ளிவிடும். 2023-ல் இந்தியாவில் சோதனைக்காகப் போன்கள் அலறியதும் இந்த முறையில்தான்.

டவருக்குச் சில வினாடிகள் போதும். நேரத்தைத் தின்பது, பொத்தானை அழுத்தலாமா என்ற மனிதர்களின் யோசனைதான். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க எச்சரிக்கை போகிறது, முதல் அதிர்வலைகளைக் கருவிகள் பிடித்ததும் கணினியே கணக்குப் போட்டுவிடும். வெள்ளத்தில் அவ்வளவு துல்லியம் வராது, சரி. ஆனால் ஆறு இந்த அளவைத் தாண்டினால் செய்தி போக வேண்டும் என்று முன்பே எழுதி வைக்கலாமே. எழுதியே ஆக வேண்டும் என்பேன்.

வாசகமும் உயிர் காக்கும். வலென்சியா செய்தி, முன்னெச்சரிக்கையாக மாகாணத்துக்குள் எங்கும் பயணிக்க வேண்டாம் என்றது. தரைத்தளத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் இருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு: உடனே மேல்மாடிக்குப் போங்கள்.

பொய் எச்சரிக்கையாகிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். 2018 ஜனவரியில் ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறாக அறிவித்தார்கள், அதைத் திருத்தும் செய்தி போன்களுக்கு வர 38 நிமிடம் ஆனது. ரத்துச் செய்தியை அங்கே முன்கூட்டித் தயாராக வைத்திருக்கவில்லை. அதையும் எழுதி வைத்துவிட்டால் பொத்தானில் கை வைப்பவருக்குத் தயக்கம் பாதியாகக் குறையும்.